மகன் தன் யூத வேரைத் தேடிப் போக நினைக்கிறான்: இலவச இஸ்ரேல் பயணமா, போலந்தில் பூட்டன் ஊரா?

நியூஜெர்சி_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான், இன்றைக்கு நானே கேட்கும்படி ஆகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. கணவர் அமெரிக்க யூதர், நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி 24 வருடம். ஒரே பையன், வயது 21, கல்லூரியில் மூன்றாம் வருடம். வீட்டில் தீபாவளியும் உண்டு, ஹனுக்காவும் உண்டு. கணவருக்குப் பெரிதாகக் கடவுள் நம்பிக்கை கிடையாது, வருடம் ஒருமுறை பெசாக் பண்டிகை விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போவோம், அவ்வளவுதான் எங்கள் யூத வாழ்க்கை.

போன வருடம் மாமியார் காலமானார். அவர் அலமாரியைக் காலி செய்யும்போது ஒரு பிஸ்கட் டின்னில் பழைய போட்டோ கிடைத்தது. கல்லறைக் கல் ஒன்றுக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு மனிதர், இரண்டு இளம்பெண்கள், தொப்பி போட்ட ஒரு பையன். பின்பக்கம் பென்சிலில் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) எழுத்து, அதன் கீழே 'டார்னூவ், 1921'. டார்னூவ் போலந்தில் இருக்கும் ஊர். அந்தப் பையன்தான் மாமியாரின் அப்பா. அதே வருடம் கப்பலேறி நியூயார்க் வந்தவர். மற்ற மூன்று பேரும் வரவில்லை. 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கிய பிறகு அவர்களால் வர முடியாமல் போய்விட்டது என்று மாமியார் ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்தப் போட்டோ கிடைத்ததிலிருந்து என் பையன் வேறு ஆளாகிவிட்டான். கல்லூரியில் அவன் நண்பர்கள் நாலைந்து பேர் பர்த்ரைட் என்கிற இலவச இஸ்ரேல் பயணத்துக்குப் பதிவு செய்கிறார்கள், இவனையும் கூப்பிடுகிறார்கள். இவனுக்கோ டார்னூவ் போக வேண்டும். இதற்கு நடுவில் ஒரு பையன் இவனிடம், "உன் அம்மா யூதர் இல்லையே, அப்படியென்றால் நீயும் யூதன் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நான் போய் நின்றால், நீ யார் என்று யாராவது கேட்பார்களா அம்மா?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலில் எங்கே போவது நல்லது? டார்னூவ் போவதென்றால் போகும் முன் என்ன தேடி வைத்துக்கொள்ள வேண்டும்? நாங்கள் கூடப் போகலாமா, தனியாக விடுவதா? மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: போய்விட்டு வந்து என்னை விட்டுத் தள்ளிப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. இப்படி நினைப்பது தப்பு என்றும் தெரிகிறது.

கிராகூவ்_செந்தில்:

அக்கா, நான் ஆறு வருடமாக கிராகூவில் வேலை பார்க்கிறேன். டார்னூவ் இங்கிருந்து 80 கிலோமீட்டர்தான், ரயிலில் ஒரு மணி நேரம். மூன்று முறை போயிருக்கிறேன், ஒருமுறை கூட வேலை செய்யும் அமெரிக்க யூதப் பையனுக்குத் துணையாக. அதனால் அந்த ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போருக்கு முன் டார்னூவில் ஏறக்குறைய 25,000 யூதர்கள் இருந்தார்கள், ஊர் மக்கள்தொகையில் பாதிக்குக் கிட்ட. இன்றைக்கு அங்கே யூத சமூகம் என்று ஒன்று கிடையாது. ஜிடோவ்ஸ்கா தெரு என்றால் யூதத் தெரு என்றுதான் அர்த்தம், அந்தப் பெயர் மட்டும் இன்னும் பலகையில் இருக்கிறது. அங்கே பழைய ஜெபக்கூடத்தை 1939 நவம்பரில் ஜெர்மானியர்கள் கொளுத்தினார்கள். வேதம் வாசிக்கும் மேடையின் நான்கு செங்கல் தூண்கள் மட்டும் மிஞ்சின, அவை இப்போது ஒரு சின்னத் திடலின் நடுவே மேலே கூரை போட்டு நிற்கின்றன. நான் போன அன்று பக்கத்துப் பெஞ்சில் ஒரு பாட்டி பேரனுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் நண்பன் அந்தத் தூணைத் தொடவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தான், அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லறைத் தோட்டம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பது, ஆயிரக்கணக்கான கற்கள். அதன் பழைய இரும்புக் கதவு இப்போது வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் நியூ ஜெர்சிதானே, பையன் போலந்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்தக் கதவை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அவன் பூட்டன் அந்தப் போட்டோ எடுக்கப் போன அன்று அதன் வழியாகத்தான் உள்ளே போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊருக்கு வெளியே ஸ்பிலிடோவ்ஸ்கா கூரா என்ற இடத்தில் புச்சினா காடு இருக்கிறது. 1942 ஜூனில் டார்னூவ் யூதர்கள் ஆயிரக்கணக்கானவர்களை அங்கேதான் சுட்டுப் புதைத்தார்கள், அதில் 800 பேர் குழந்தைகள். குழந்தைகளின் குழியைச் சுற்றி நீலக் கம்பி வேலி, அதில் யார் யாரோ வந்து பொம்மைகள் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே தனியாகப் போக வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

போகும் முன் தேட வேண்டியவை. நியூயார்க்கில் குடியேற்ற நிலையமாக இருந்த எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்களின் கப்பல் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1921 பட்டியலில் 'ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர்' என்று ஒரு பத்தி இருக்கும், பெயரும் ஊரும் போட்டிருப்பார்கள். அங்கிருந்துதான் நூல் பிடிக்க வேண்டும். தீவில் இருந்த அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள், நம்பாதீர்கள், புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலைத்தான் தீவில் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பின்னால் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

அப்புறம் ஜேஆர்ஐ போலந்து என்ற தளத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளின் அட்டவணை உண்டு. டார்னூவ் 1918 வரை ஆஸ்திரிய ஆட்சியில் கலீசியா என்ற மாகாணத்தில் இருந்தது. யூதர்கள் பலர் மதச் சடங்கோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டு அரசில் பதியாமல் விட்டுவிடுவார்கள், அதனால் பிள்ளைகளை 'முறைப்படி பிறக்காதவர்' என்று எழுதி அம்மாவின் குடும்பப் பெயரில் பதிந்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பையன் அதிர்ச்சி அடைய வேண்டாம், அந்தக் காலத்தில் அது சாதாரணம். அப்பா பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அம்மா பெயரில் தேடச் சொல்லுங்கள்.

பாஸ்டன்_சுதா:

மீனா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வீட்டிலும் இதே கதை, நான் கோயம்புத்தூர், கணவர் யூதர், ஒரு மகள்.

முதலில் அந்தப் பையன் சொன்னதைப் பற்றி. யூத மதச் சட்டமான ஹலாகாவின்படி அம்மா வழியில்தான் யூத அடையாளம் வரும், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் இரண்டு பிரிவும் இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவு 1983இலேயே, அப்பா மட்டும் யூதராக இருந்தாலும் பிள்ளையை யூதராக வளர்த்தால் ஏற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்துவிட்டது. பர்த்ரைட்டும் பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. ஆக அவன் காதில் விழுந்தது சில பிரிவுகளின் விதி. அது அந்தப் பிரிவுகளுக்குப் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், பிற்காலத்தில் அவன் ஒரு ஆர்த்தடாக்ஸ் பெண்ணைக் கட்ட நினைத்தால் இது மறுபடி வந்து நிற்கும். ஆனால் 21 வயதில் ஒரு நண்பன் வாயால் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. பியூ ஆய்வு நிறுவனம் 2020இல் எடுத்த கணக்கில், 2010க்குப் பிறகு கல்யாணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேர் யூதரல்லாதவரைத்தான் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

என் மகள் 20 வயதில் இஸ்ரேல் போய் வந்தாள். உங்கள் பயம் தேவையில்லாதது என்று நான் சொன்னால் அது பொய். வந்த பிறகு ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. யூத ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவாள், நான் அறைக்குள் போனால் ஏதோ பரீட்சை ஹாலில் நுழைந்த மாதிரி இருக்கும். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. என் முன்னால் அதைச் செய்தால் எனக்கு வலிக்குமோ என்று அவள் பயந்திருக்கிறாள், நான் பக்கத்தில் போனால் அவளுக்குத் தொந்தரவோ என்று நான் பயந்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் பாட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னாள். இந்த ஆறு மாதத்தை நீங்கள் ஆறு நாளாகச் சுருக்கிக்கொள்ளலாம், போகும் முன்பே "நீ என்ன செய்தாலும் எனக்குப் பார்க்க ஆசைதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இதையெல்லாம் சொல்லும் பழக்கமே இல்லை.

டொராண்டோ_கவி:

பர்த்ரைட் பற்றி யாராவது நேராகச் சொல்ல வேண்டும். என்னோடு வீடு பகிர்ந்திருந்த தோழி 2019இல் போய் வந்தாள், அவளோடு இரவு இரவாகப் பேசியிருக்கிறேன், அப்புறம் நானே நிறையத் தேடிப் படித்தேன்.

சார்ல்ஸ் பிரான்ஃப்மன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு பணக்காரர்கள் முன்னின்று 1999இல் தொடங்கியது. இஸ்ரேல் அரசும் பணம் போடுகிறது. 18 முதல் 26 வயது வரை, பொதுவாக 10 நாள், விமானம், தங்குமிடம், பெரும்பாலான சாப்பாடு அவர்கள் செலவு. இதுவரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள். எருசலேமின் மேற்குச் சுவர், மசாடா மலைக்கோட்டையில் சூரிய உதயம், சாக்கடலில் மிதப்பது, யாத் வஷேம் என்ற ஹோலோகாஸ்ட் நினைவகம், எல்லாம் 40 பேர் ஒரு பேருந்தில். நடுவில் சில நாட்கள் அதே வயது இஸ்ரேலியர்கள் கூட வந்து சேர்வார்கள், பெரும்பாலும் ராணுவத்தில் இருப்பவர்கள். அதற்கு மிஃப்காஷ், சந்திப்பு, என்று பெயர். தோழிக்குக் கடைசிவரை மனதில் நின்றது இதுதான். தன் வயதுப் பெண் ஒருத்தி, அதே மாதிரிச் சுருட்டை முடி, அதே மாதிரிப் பாட்டியின் சமையல் கதை, ஆனால் தோளில் துப்பாக்கி.

இலவசம் என்றால் அதற்கு ஒரு நோக்கம் இருக்கும். இளம் யூதர்கள் தங்கள் அடையாளத்தையும் இஸ்ரேலையும் விட்டு விலகிவிடக் கூடாது என்பதுதான் அந்த நோக்கம், அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. போய் வந்தவர்கள் யூதர்களையே மணப்பது அதிகம், இஸ்ரேலோடு ஒட்டுதல் அதிகம் என்று பிராண்டைஸ் பல்கலைக்கழகம் வருடக்கணக்கில் தொடர்ந்து செய்த ஆய்வுகள் சொல்கின்றன. பாலஸ்தீனர்களின் வாழ்க்கையை இந்தப் பயணத்தில் காட்டுவதில்லை என்ற குற்றச்சாட்டும் நெடுநாளாக உண்டு. 2018இல் சில இளைஞர்கள் பயணம் முடியும் முன்பே பேருந்தை விட்டு இறங்கி, பாலஸ்தீனர்கள் வாழும் வெஸ்ட் பேங்க் போனார்கள், இறங்கியவர்களும் யூதப் பிள்ளைகள்தான். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. தன் வேர் என்று ஒரு மண்ணைக் காட்டும்போது அதே மண்ணில் வேர் உள்ள இன்னொருவரைப் பார்க்காமல் வர முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காகப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். போகட்டும், திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட அனுமதி உண்டு, குழு முடிந்த பிறகு சொந்தச் செலவில் ஒரு வாரம் தங்கி மற்றப் பக்கத்தையும் பார்த்துப் பேசிவிட்டு வரட்டும்.

பாதுகாப்பும் யோசிக்க வேண்டும். 2023 அக்டோபர் 7க்குப் பிறகு கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 2025 ஜூனில் ஈரானோடு சண்டை வந்தபோது அங்கே மாட்டிக்கொண்டவர்களில் பெருங்கூட்டத்தைக் கப்பலில் ஏற்றி சைப்ரஸ் கொண்டுபோனார்கள். இப்போதைய நிலவரம் பார்க்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

எது முதலில் என்று கேட்டால் என் ஓட்டு டார்னூவுக்கு. அங்கே அவனுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறது. பேருந்தில் 40 பேரோடு போனால் வழிகாட்டி கேட்கும் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

கொச்சி_முருகேசன்:

போலந்து, இஸ்ரேல் என்று பேசும்போது நான் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம், கடை யூதத் தெருவுக்குப் பக்கத்தில். வேர் தேடி வரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அந்த ஜெபக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை, அவர்களுக்கு மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் தனித்தனி ஜெபக்கூடங்கள் இருந்தன. 1950களில் கிட்டத்தட்ட எல்லாரும் இஸ்ரேல் போய்விட்டார்கள், நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரில் நிறையப் பேர். இப்போது வருவது அவர்கள் பேரப்பிள்ளைகள், ராணுவ சேவை முடித்துவிட்டு முதுகில் பையோடு. அந்தப் பிள்ளைகள் இஸ்ரேலிலிருந்து வேரைத் தேடி இங்கே வருகிறார்கள், இதையும் உங்கள் பையன் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு வருடம் முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தாள். போனில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் படங்கள், பாட்டி எழுதி வைத்த பாட்டுகள், எல்லாம் மலையாள எழுத்து. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்தில் பாடும் பாட்டுகள் அவை. இந்தப் பெண்ணுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என் மனைவியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். இரண்டு வரி வாசித்ததும் அந்தப் பெண் மெட்டைப் பிடித்துவிட்டாள், பாட்டி முனகிக் கேட்ட மெட்டாம். மனைவி ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவள் அதை அப்படியே மெட்டில் ஏற்றிப் பாடினாள், தப்பும் தவறுமாக. இரண்டு பேரும் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்கள். பாட்டியின் வீட்டைத் தேடித்தான் வந்திருந்தாள், அது இடிந்து ஓட்டல் ஆகிவிட்டது, அதைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை.

அதனால் சொல்கிறேன், கையில் ஏதாவது கொண்டுபோகச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வரும் பிள்ளைகள் ஜெபக்கூடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு பாட்டோ கடிதமோ போட்டோவோ கையில் இருந்தால் ஊர்க்காரன் அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பான்.

சென்னை_ஷங்கர்:

சின்னத் தகவல். மதுரைக்கு வரும்போது சென்னையில் இறங்கினால் பையனை ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். 17ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொடுத்துக் கோல்கொண்டா வைரம் வாங்கிய காலத்துப் பெயர் அது. லாயிட்ஸ் சாலையில் சின்னதாக ஒரு யூதக் கல்லறையும் இருக்கிறது. இதனால் அவனுக்குச் சொந்தம் ஒன்றும் கிடைக்காது, ஆனாலும் அம்மா ஊர்ப் பக்கம் எபிரேய எழுத்து செதுக்கிய கல்லைப் பார்ப்பது அவனுக்கு ஏதோ செய்யும் என்று தோன்றுகிறது.

நியூஜெர்சி_மீனா:

எல்லாவற்றையும் அச்செடுத்துப் பையனிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும். சுதா சொன்னதையும் சொல்லிவிட்டேன், தொண்டை அடைத்துக்கொண்டது, ஆனாலும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தான்.

கப்பல் பட்டியல் கிடைத்துவிட்டது! உறவினர் பத்தியில் 'தந்தை' என்று போட்டு டார்னூவ் என்று இருக்கிறது. யாத் வஷேமின் பெயர்ப் பட்டியலிலும் தேடினோம். இரண்டு அக்காக்களில் ஒருவருக்குச் சாட்சிப் பக்கம் (கொல்லப்பட்டவரைப் பற்றித் தெரிந்தவர்கள் நிரப்பித் தரும் படிவம்) இருக்கிறது, 1956இல் ஹைஃபாவிலிருந்து யாரோ நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள், உறவு என்ற இடத்தில் 'சகோதரியின் மகன்' என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இன்னொரு அக்காவின் பிள்ளை பிழைத்திருக்கிறது. என் கணவர் அந்தத் திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் அம்மாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது.

முதலில் டார்னூவ், ஜூன் மாதம், நாங்கள் மூன்று பேரும். அதற்குள் ஹைஃபா குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் இஸ்ரேல் அப்புறம் அவர்களைப் பார்க்கத்தான், குழுவோடு போவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

செந்தில் தம்பி, போட்டோவைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கல்லில் இருப்பதை யாராவது வாசிக்க முடியுமா?

கிராகூவ்_செந்தில்:

அக்கா, இங்கே கஜிமியேஷ் பகுதியில் யூத சமூக மையம் இருக்கிறது, 2008இல் திறந்தது. தாத்தா பாட்டி யூதர் என்று 20 வயதுக்கு மேல் தெரிந்துகொண்ட போலந்துப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். அங்கே எபிரேயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன்.

கல்லின் மேலே இரண்டு மெழுகுவத்தித் தண்டு செதுக்கியிருக்கிறது, அப்படியென்றால் பெண்ணின் கல்லறை. முதல் வரி பே, நூன் என்ற இரண்டு எழுத்து, 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். சொந்தப் பெயர் வெயிலில் வெளுத்துப்போய் வாசிக்க வரவில்லை. அதன் பிறகு 'இன்னாரின் மகள்' என்று அவர் அப்பா பெயர் வருகிறது, குடும்பப் பெயரே கிடையாது, நம் இனிஷியல் மாதிரித்தான். கடைசியில் வருடம்: தாவ், ரேஷ், அயின், தெத். கூட்டினால் 679, யூத நாட்காட்டியில் 5679, நம் கணக்கில் 1918 செப்டம்பரிலிருந்து 1919 செப்டம்பருக்குள்.

போட்டோ 1921. அப்பா இருக்கிறார், இரண்டு அக்கா இருக்கிறார்கள், தம்பி இருக்கிறான். அம்மாதான் இல்லை. வாசித்தவர் சொன்னார், கப்பலேறுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று. பின்பக்கம் இருக்கும் இத்திஷ் வரியையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

படத்தில் கல்லுக்குப் பின்னால் சுவரும் ஒரு வளைந்த மரமும் தெரிகின்றன. மரம் இருக்காது, சுவரைப் புதுப்பித்துவிட்டார்கள், ஆனால் எந்த ஓரம் என்று கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. நாளை சனிக்கிழமை, ஓய்வுநாளில் அங்கே போக வேண்டாம். ஞாயிறு காலை ரயிலில் போய் அந்தச் சுவர் ஓரமாக வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ராத்திரி எழுதுகிறேன். பூ வைக்கும் வழக்கம் அங்கே இல்லை, சின்னக் கல் ஒன்றுதான் வைப்பார்கள். உங்கள் வீட்டு வாசலில் ஒரு கூழாங்கல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் பையனிடம், ஜூனில் அவன் கையாலேயே வைக்கட்டும்.